பத்தியப் படுக்கை

கோவிந்தராஜன் மெஸ்ஸில் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்பது சுந்தரவல்லி அக்கா. கல்லாவில் உட்கார்ந்திருப்பது கோவிந்தராஜன் அண்ணாச்சி. கல்கத்தா லேக் மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்தில் அந்தக் கடை வந்த நாளிலிருந்து இந்த ஏற்பாடு மாறியதில்லை. பலகையில் இருப்பது அண்ணாச்சியின் பெயர், ஜனங்கள் வருவது அக்காவின் கைக்கு. சந்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அண்ணாச்சியே சொல்வார்.

எனக்குத் துறைமுக அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை வேலை. குடும்பம் திருச்சியில். மாற்றலாகி வந்ததிலிருந்து காலையும் ராத்திரியும் எனக்கு அங்கேதான் சாப்பாடு. குறை சொல்லாமல் சாப்பிடத் தெரியாதவன் என்று அந்தக் கடையில் எனக்குப் பெயர். தோசை ஓரம் கொஞ்சம் கருத்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். "முத்துக்குமார் சாருக்கு நாக்குலயும் ஒரு ஆடிட்டர் இருக்காரு" என்று சொல்லி வேறு தோசை வார்ப்பார்.

கல்லின் முன்னால் அவர் நிற்கிற இடத்தில் சிமெண்டுத் தரை இரண்டு பாத அளவுக்குத் தேய்ந்து மழமழவென்று இருக்கும். விடிவதற்கு முன்னால் வந்து நின்றாரானால் டிபன் கூட்டம் ஓயும்வரை அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார். மாவு, எண்ணெய், கரண்டி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நடக்க வேண்டிய அவசியமே கிடையாது. எவ்வளவு வசதி என்று நான் நினைத்ததுண்டு.

சென்ற வருஷம் ஆவணி பிறந்த சமயம். கல்கத்தாவில் மழை விட்டபாடில்லை. சந்தில் கணுக்கால் தண்ணீர். ஈரக்குடையோடு வந்தவர்கள் கடையெங்கும் சொட்டிக்கொண்டு நின்றார்கள். காய் நறுக்கிக்கொண்டிருந்த ஷபானாதான் முதலில் பார்த்தாள். கேனிங் பக்கத்திலிருந்து முதல் ரயிலில் பாலிகஞ்ச் வந்து இறங்கி, அங்கிருந்து கடைக்கு வருகிற பெண் அவள்.

"பௌதி! ரக்தோ!" என்று கத்தினாள். அண்ணி, ரத்தம் என்று அர்த்தம்.

அக்காவின் சேலைக் கரைக்குக் கீழிருந்து ரத்தம் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. சாம்பார் சிந்திவிட்டதுபோல அக்கா அதைக் குனிந்து பார்த்தார். கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் கூப்பிட்டார்.

"என்னங்க, செத்த இங்க வாங்க."

"ஆளு நிக்காங்கள்லா, என்ன?" என்றார் அண்ணாச்சி, தலையைத் தூக்காமல்.

"வாங்கன்னா வாங்களேன்."

வந்து பார்த்தவருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்தார். கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு சின்னப் புண். அதிலிருந்து ரத்தம் வலியில்லாமல், நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி உள்ளே ஓடி, அன்று காலையில் அரைத்து வந்த காப்பித்தூளை இரண்டு கையாலும் அள்ளி வந்து அப்பினார். நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். பிறகு பாம்பு கடித்தவர்களுக்குக் கட்டுவதுபோல முழங்காலுக்குக் கீழே துண்டை இறுக்கிக் கட்டினார். ரத்தம் இன்னும் வேகமாக வந்தது. காப்பித்தூளும் ரத்தமும் கலந்து டிகாஷன் நிறத்தில் தரையில் ஓடியதைப் பார்த்ததிலிருந்து, அந்தக் கடையில் காப்பி குடிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கணம் கை நிற்கும்.

மெயின் ரோட்டுக்கு ஓடி ஒரு டாக்ஸியைப் பிடித்து வந்தேன். அக்காவைப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். கால் நீட்ட இடமில்லாததால் அண்ணாச்சி ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அந்த இழுபறியில் துண்டு அவிழ்ந்துபோயிற்று. கொஞ்ச நேரத்தில் ரத்தமும் நின்றுவிட்டது. இதுதான் சரியான முதலுதவி என்பதும், கடையில் செய்ததெல்லாம் தப்பு என்பதும் எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது.

முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி கண் எடுக்காமல் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை நரம்புகள் புடைத்துச் சுருண்டு கிடந்தன. கணுக்காலைச் சுற்றித் தோல் கருத்துத் தடித்திருந்தது.

"இது எப்பத்துலருந்துளா இப்படி இருக்கு?"

"அது கெடக்கு, ரொம்ப நாளா."

"எங்கிட்ட சொல்லலயே."

"சொன்னேன். காலு வலிக்குன்னு சொன்னேன். தைலம் வாங்கித் தந்தீங்க."

கால் நரம்புகளுக்கென்று பாலிகஞ்சில் ஒரு கிளினிக் இருப்பது, எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அங்கே போய் வந்திருந்ததால் எனக்குத் தெரியும். டிரைவரை அங்கே விடச் சொன்னேன்.

அந்த டாக்டர் வங்காளி அம்மா, ஐம்பது வயதிருக்கும். புண்ணில் ஒட்டியிருந்த காப்பித்தூளை மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி எடுத்தார். "இங்கே யார் காப்பி போட்டது?" என்று கேட்டார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். அக்காவை நிற்க வைத்து, தொடையில் பசை தடவி, கருவியை வைத்து அழுத்தினார்கள். டாக்டர் திரையைக் காட்டி வங்காளத்தில் விளக்கினார். அக்காவுக்கு வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. அண்ணாச்சிக்கு மார்க்கெட்டில் பேரம் பேசுகிற அளவுக்கு வரும், டாக்டர்கள் பேசுகிற வேகத்துக்கு எட்டாது. அதனால் அக்காதான் எங்களுக்குச் சொன்னார்.

"காலுல உள்ள ரத்தம் மேல ஏறிப் போணுமாம். ஏறினது திரும்பி எறங்காம இருக்கதுக்கு நரம்புக்குள்ள கதவு மாதிரி இருக்காம். நின்னு நின்னு எனக்கு அந்தக் கதவெல்லாம் கெட்டுப் போச்சாம். எல்லாம் கீழயே தங்குதாம். அதான் புண்ணு ஆற மாட்டக்கு."

"அதுக்கு?"

"லேசர் வைக்கணுமாம். ஊசி போடுத மாதிரி ஓட்ட போட்டு, மெல்லிசா ஒரு கம்பிய உள்ள விட்டு, கெட்டுப்போன நரம்ப சூட்டுலயே மூடிருவாங்களாம். ரத்தம் வேற வழியில போயிரும். மயக்க மருந்து கெடையாது, மரத்துப் போக ஊசி மட்டுந்தான். அன்னைக்கே நடந்து வீட்டுக்குப் போயிரலாம்."

"வெட்டாம கிழிக்காம அது என்ன ஆபரேஷன்?" என்றார் அண்ணாச்சி. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பயம் மட்டும் வந்துவிட்டது. வாசலுக்குப் போய்த் தென்காசியில் இருக்கும் தன் அக்கா ஜலஜாவுக்குப் போன் போட்டார். "சுந்தரிக்குக் காலுல பெரிய ஆபரேஷன்க்கா" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. பெரிய என்ற சொல்லை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

புண்ணுக்கு வாரக்கணக்கில் மருந்து கட்டி, அது கொஞ்சம் அடங்கிய பிறகு லேசர் வைத்தார்கள். அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். நடந்ததை அக்காவே பிற்பாடு என்னிடம் சொன்னார், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலில் சுருக்கென்று சில ஊசிகள், பிறகு ஏதோ இழுப்பதுபோல ஒரு உணர்வு, கொஞ்சம் கருகின வாசனை. அவ்வளவுதான். தொடைவரை இறுக்கமான காலுறையை மாட்டிவிட்டு, "எழுந்து நடங்கள்" என்றாராம் டாக்டர். அண்ணாச்சி அப்போது மாத்திரை வாங்கக் கீழே மருந்துக்கடைக்குப் போயிருந்தார்.

டாக்டர் வங்காளத்தில் தெளிவாகச் சொன்னார். "இன்றைக்கே நடக்க வேண்டும். வீட்டிலும் அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும். இந்தக் காலுறையைக் கழற்றக் கூடாது. ஒரே இடத்தில் நிற்காதீர்கள், படுத்தும் கிடக்காதீர்கள். அசையாமல் கிடந்தால் உள்ளே ரத்தம் உறையும். உறைந்தது நெஞ்சுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. புரிந்ததா?"

"புஜேச்சி" என்றார் அக்கா. புரிந்தும் இருந்தது. வராந்தாவில் நடக்கத் தொடங்கினார். மாத்திரைப் பையோடு படியேறி வந்த அண்ணாச்சி அதைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"ஏளா! ஒனக்கென்ன கிறுக்கா? ஆபரேஷன் பண்ண காலோட நடக்க!"

ஓடிவந்து இடுப்பைச் சுற்றிக் கையைக் கொடுத்து, பாரத்தை எல்லாம் தன்மேல் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறக்கினார். "டாக்டரு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

அக்கா அவரைப் பார்த்தார். வேர்த்து வழிந்துகொண்டிருந்த முகம். பஸ்ஸில் போனாலும் முன்னால் ஏறி முன்னால் இறங்கி நடக்கிற மனுஷன், ஊரார் பார்க்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"ரெஸ்ட் எடுக்கணும்னாங்க" என்றார் அக்கா.

"எத்தன நாளைக்கு?"

"கொஞ்ச நாளைக்கு."

கடைக்கு மேலேதான் வீடு. அண்ணாச்சி அக்காவைக் கட்டிலில் படுக்க வைத்து, தலையணை சரிசெய்து, கீழே போய் ஒரு சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா கேட்கவில்லை. அவராகவே கொண்டுவந்தார்.

மறுநாள் ஹௌரா மெயிலில் வந்து இறங்கினார் ஜலஜா அம்மாள். ஒரு பை நிறையச் சுக்கு, கண்டந்திப்பிலி, கருப்பட்டி, செக்கு நல்லெண்ணெய். பேறுகால மருந்துக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் அதில் இருந்தது. ஊரில் நாலு மகள்களுக்கும் மருமகளுக்கும் பேறுகாலம் பார்த்த கை. உடம்பில் கத்தி பட்டால் என்ன, ஊசி பட்டால் என்ன, அந்தக் கைக்கு எல்லாம் பச்சை உடம்புதான்.

"தரையில காலு படப்படாது. சொல்லிட்டேன். கக்கூசுக்குப் போணும்னாலும் என்னக் கூப்பிடு."

"சரி மைனி."

"இது என்னளா காலுல, சாக்கு மூட்டையக் கட்டுன மாதிரி இறுக்கிக்கிட்டு? ரத்தம் எப்படி ஓடும்?" காலுறையைச் சுருட்டிக் கழற்றிவிட்டு, நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பாதத்தில் தடவினார். அக்கா தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

காலையில் உளுந்தங்களி. மத்தியானம் பூண்டுக் குழம்பும் சுட்ட அப்பளமும். பொழுது சாய்ந்தால் சுக்குக் காப்பி. மேலேயிருந்து வருகிற கருப்பட்டி வாசனைக்குக் கீழே மசால் தோசை தின்றுகொண்டிருந்த வங்காளிகள் அண்ணாந்து பார்த்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்காவின் மகள் மஹிமா போனில் முகம் பார்த்துப் பேசினாள். "அம்மா, யூ லுக் ஸோ ஹேப்பி" என்றாளாம்.

கீழே தோசைக்கல்லுக்கு முன்னால் அண்ணாச்சி. முதல் இரண்டு நாள் தோசையைக் கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. நான் மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். நாலாவதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தார். பேசாமல் இட்லிக்கு மாறிக்கொண்டேன். கூட்டம் வடிந்ததும் வந்து என் எதிரில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"சார், இதுல நின்னு பாத்தாத்தான் தெரியுது. கல்லாவுல உக்காந்து ரெண்டு நெய் ரோஸ்ட்டுன்னு கத்துததுக்கு வாய் இருந்தாப் போதும். அவ எப்படி சார் நின்னா? ஒருநாளாவது முகத்துல காட்டலயே."

"இனிமே ஒரு மாஸ்டரைப் போட்டுக்கலாம்ல?"

"அது பொறவு. இப்பம் அவ எந்திரிக்கட்டும்." சொல்லிக்கொண்டே எழுந்து ஒரு தம்ளரில் பால் ஊற்றினார். "இந்தா வாரேன், கொண்டு குடுத்துட்டு." கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்படி அடிக்கடி மரப்படியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். பார்க்க நன்றாக இருந்தது. எனக்கே திருச்சிக்கு ஒரு போன் போடலாம் என்று தோன்றி, போட்டேன்.

கிளினிக்கிலிருந்து போன் வந்த நேரம் ஜலஜா அம்மாள் குளிக்கப் போயிருந்தார். ஷபானா அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நடக்கிறீர்களா, காலுறை போட்டிருக்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டிருக்கிறாள்.

"ஹாட்ச்சி, ரோஜ் ஹாட்ச்சி" என்றார் அக்கா, படுத்தபடியே. நடக்கிறேன், தினமும் நடக்கிறேன் என்று அர்த்தம்.

ஷபானா துடைப்பத்தை நிறுத்திவிட்டாள். "ஏன் பௌதி பொய் சொல்றீங்க?" என்று வங்காளத்தில் கேட்டாள்.

அக்கா அவளைப் பக்கத்தில் வரச் சொன்னார். பிறகு மஹிமா பிறந்தபோது நடந்ததைச் சொன்னார். கடை வைத்த புதிது. அக்காவின் அம்மா ஊரில் படுத்த படுக்கை, ஜலஜா அம்மாளுக்கும் அந்தச் சமயத்தில்தான் கடைசிப் பிள்ளை. வருவதற்கு ஆளில்லை. பிள்ளைக்குத் தொப்புள்கொடி உதிர்வதற்கு முன்னால் அக்கா கல்லுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். மாவுப் பானைக்குப் பக்கத்தில் தூளி. களி இல்லை, மருந்து இல்லை, ஒரு சொம்பு வெந்நீர் வைத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை.

"ஊர்ல பொம்பளைங்க படுத்துச் சாப்பிடுறது அந்தப் பேறுகாலத்துல மட்டுந்தான். எனக்கு அது கெடைக்கல. இப்பம் கெடைச்சிருக்கு. இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு எந்திரிச்சிருதேன்" என்றாராம் அக்கா. ஷபானாவுக்கும் இரண்டு பிள்ளைகள். குனிந்து மறுபடியும் கூட்டத் தொடங்கினாள், யாரிடமும் சொல்லவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை.

இரண்டு நாள் என்பது நீண்டுகொண்டே போயிற்று. சந்தில் மழைத்தண்ணீர் வேறு. நடக்கலாம் என்று நினைத்தாலும் நடக்க இடமேது என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மழை விட்டு வெயிலடித்த ஒரு காலையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பால் தம்ளரோடு மேலே போன அண்ணாச்சி, "சார்! சார்!" என்று அலறினார். கை கழுவாமலே ஏறினேன். ஷபானாவும் பின்னால் வந்தாள்.

அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லேசர் வைத்த காலின் கெண்டைச் சதை வீங்கிப் பளபளவென்று இருந்தது. ஜலஜா அம்மாள் அதைத் தேய்க்க எண்ணெய்க் கிண்ணத்தோடு குனிந்தார்.

"தொடாதீங்க மைனி!" என்றார் அக்கா. அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. "தேய்க்காதீங்க. எல்லாரும் செத்த சும்மா இருங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

"என்னளா?" என்றார் அண்ணாச்சி.

"டாக்டரு படுக்கச் சொல்லல. நடக்கச் சொன்னாங்க."

"யார?"

"என்னத்தான். அன்னைக்கே சொல்லிட்டாங்க. படுத்துக் கெடந்தா ரத்தம் கட்டிரும், கட்டுனது நெஞ்சுக்குப் போனா உயிருக்கே மோசம்னும் சொன்னாங்க."

அண்ணாச்சி பால் தம்ளரைத் தரையில் வைத்தார். "தெரிஞ்சுக்கிட்டா படுத்துக் கெடந்த?"

"ஆமா."

"எதுக்குளா? நாங்க என்ன பாவம் செஞ்சோம் ஒனக்கு?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க தண்ணி கொண்டாந்தீங்க" என்றார்.

"என்னது?"

"அன்னைக்கு வந்து படுத்ததும் நீங்களா சொம்புல தண்ணி கொண்டாந்தீங்க. நான் கேக்கல. கல்யாணம் ஆகி வந்ததுலருந்து கேக்காம வந்த தண்ணி அது ஒண்ணுதான். எந்திரிச்சு நடந்தேன்னா மறுநாளே கல்லு முன்னால போய் நிக்கணும்லா. இன்னைக்கு ஒருநாள், இன்னைக்கு ஒருநாள்னு படுத்துட்டேன்."

"கேட்டிருந்தா நான் தந்திருக்க மாட்டனா?"

"தந்திருப்பீங்க" என்றார் அக்கா. "கேட்டா தந்திருப்பீங்க."

ஷபானா கதவோரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். தமிழ் அவளுக்கு அவ்வளவாகப் புரியாது. ஆனால் என்ன பேசுகிறார்கள் என்று அந்த அறையில் எங்களுக்கு முன்னாலேயே தெரிந்தவள் அவள்தான். ஜலஜா அம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுபடியும் டாக்ஸி பிடித்தேன். கரியாஹாட் சிக்னலில் நின்றபோது அண்ணாச்சி, "மூச்சு முட்டுதாளா?" என்று கேட்டார். "இல்ல" என்றார் அக்கா. வண்டி நகர்வதற்குள் மறுபடியும் அதையே கேட்டார். நல்ல தோசைக்காக மட்டும் அந்த மனுஷியைத் தெரியும் என்று இத்தனை நாள் நான் நினைத்துக்கொண்டிருந்தது பொய் என்று அந்த சிக்னலில் தெரிந்தது.

டாக்டர் ஒன்றும் கேட்காமல் ஸ்கேன் கருவியைக் கையில் எடுத்தார். கெண்டைக்காலில் அழுத்தினார், முழங்காலுக்குப் பின்னால் அழுத்தினார், தொடையில் மேலே மேலே கொண்டுபோனார். அவருடைய முகத்தை மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கட்டியிருக்கிறது" என்றார் கடைசியில், எங்களுக்காக மெதுவான இந்தியில். "கெண்டைக்காலோடு நின்றிருக்கிறது. மேலே ஏறவில்லை. இன்னும் சில நாள் இப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது." பிறகு அண்ணாச்சியிடம் திரும்பி, காப்பித்தூளிலிருந்து ஆரம்பித்துக் கண்டபடி திட்டினார். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அக்காதான் படுத்தபடி டாக்டரின் கையைப் பிடித்தார். "அவரைத் திட்டாதீங்க. நான்தான் அவர்கிட்ட சொல்லல" என்று வங்காளத்தில் சொன்னார்.

டாக்டர் அவரை ஏன் என்று கேட்கவில்லை. பெண்கள் கால் காட்ட வருகிற இடம் அது. அவருக்குத் தெரிந்திருக்கும். ரத்தம் இளக மாத்திரை எழுதிக் கொடுத்து, காலுறையைத் தானே மாட்டிவிட்டு, "நடங்கள்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் ஜலஜா அம்மாள் பையைக் கட்டி வைத்திருந்தார். "களியும் எண்ணெயுமா ஊத்தி நானே இவளக் கொன்னுருப்பேனே தம்பி. நான் ஊருக்குப் போறேன்" என்றார்.

"மைனி, நீங்க வச்ச களியில தப்பு இல்ல" என்றார் அக்கா. "அத நடந்துக்கிட்டே தின்னுருக்கணும். அவ்வளவுதான்."

ஜலஜா அம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அக்காவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "எனக்கும் அந்தப் பேறுகாலத்துலதாம்மா. படுத்துத் தின்னது அப்பம் மட்டுந்தான்" என்றார். பையை அவிழ்த்துவிட்டு, துர்கா பூஜைவரை இருந்துவிட்டுத்தான் போனார்.

அண்ணாச்சி மட்டும் பேசவில்லை. கோபம் என்று முதலில் நினைத்தேன். கல்லாவில் உட்கார்ந்து வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது கேட்டால், "ம்" என்பார். ஒருநாள் விடியற்காலையில் அக்கா கண் விழித்தபோது, கட்டிலுக்குக் கீழே அக்காவின் செருப்பு இரண்டும் வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. அண்ணாச்சி சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"எந்தி. லேக்கு வரைக்கும் போயிட்டு வருவோம்."

"மாவு கெடக்கு, கடை தொறக்கணும்."

"கெடக்கட்டும்."

அன்றிலிருந்து கோவிந்தராஜன் மெஸ் நேரம் கழித்துத்தான் திறக்கிறது. பழைய வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நானும்தான். அலுவலகத்துக்குத் தாமதமாகிறது என்று கத்தியும் பார்த்தேன். ஏரியோரம் நடக்கப் போகிறவர்கள் சொல்வார்கள், அண்ணாச்சி அங்கேயும் நாலு எட்டு முன்னால்தான் நடக்கிறாராம், ஆனால் நின்று நின்று திரும்பிப் பார்க்கிறாராம்.

கட்டி கரைந்துவிட்டது என்று ஸ்கேனில் சொன்ன பிறகு, பூஜைக்குச் சற்று முன்னால், அக்கா கல்லுக்கு வந்தார். காலை வேளையில் பாதி நேரம் அவர், பாதி நேரம் அண்ணாச்சி என்று ஏற்பாடு. அன்று சரியான கூட்டம். தெருக்கோடியில் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்களெல்லாம் வந்திருந்தார்கள். அந்தத் தேய்ந்த இடத்தில் அக்கா நின்றார், ஒன்றன்பின் ஒன்றாகத் தோசை வார்த்தார், பழைய கை வேகம் அப்படியே இருந்தது. கால் மட்டும் அந்த இரண்டு பாதக் குழியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

கல்லாவில் ஆள் காத்துக்கொண்டு நிற்க, அண்ணாச்சி எழுந்தார். உள்ளே போய் ஒரு தம்ளரில் தண்ணீர் மொண்டுவந்து அக்காவுக்கு முன்னால் நீட்டினார்.

"தாகமா இல்லங்க. தோசை கெடக்கு."

"குடி."

"கருகிரும்ங்க."

"கருகட்டும்ளா. அந்தால நடந்துக்கிட்டே குடி."

கரண்டியை அவர் கையிலிருந்து அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். அக்கா தம்ளரை வாங்கி, ஒரு மடக்குக் குடித்து, கல்லைவிட்டு விலகி நடந்தார். மேஜைகளுக்கு நடுவே வாசல்வரை போய், சந்தில் வெயிலைப் பார்த்துக் கொஞ்சம் நின்று, திரும்பி நடந்து வந்தார். ஷபானா பெஞ்சை இழுத்து வழி விட்டாள். தம்ளர் காலியாகும்வரை அக்கா நடந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை மாவுக்கையால் மூக்கைத் துடைத்ததுபோலக் காட்டிக்கொண்டார்.

கல்லில் கிடந்த தோசை ஒரு பக்கம் முழுக்கக் கரியாகிவிட்டது. அண்ணாச்சி அதைச் சுரண்டி எடுத்து, யாருக்குப் போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, அது எனக்குத்தான்" என்று இலையை நகர்த்தினேன். சட்னி போட்டுக்கொண்டு முழுதும் சாப்பிட்டேன்.